உடைஞ்சதும் உடைச்சதும்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. கல்யாணமாகி தனிக்குடித்தனமும் போயிட்ட. இனிமே உனக்கு வக்கீலும் வேண்டாம், சோசியரும் வேண்டாம். கொஞ்சம் இலக்கணம் தெரிஞ்சாப் போதும், குடும்பம் ஓடிரும். சிரிக்காத. காலையில மிக்சி ஜாரைக் கீழ போட்டுட்டு உன் பொண்டாட்டிகிட்ட, அதான் நம்ம பேத்திகிட்ட, நீ சொன்ன பதில் தொழுவம் வரைக்கும் கேட்டுச்சு. "ஜார் உடைஞ்சு போச்சு"ங்கிற. ஜாருக்குக் கால் முளைச்சு, அதுவா நடந்து வந்து மேடையில இருந்து குதிச்சிருச்சு போலருக்கு! அவ லேசுப்பட்டவளா? "தானா உடைஞ்சதா?"ன்னு ஒத்தக் கேள்வி கேட்டா. நீ சிந்தின சட்னியைத் துடைக்கிற சாக்குல குனிஞ்சுட்ட.

அவ கேட்ட கேள்வியில மொத்த இலக்கணமும் இருக்கு. உடைஞ்சதுன்னா தன்வினை, உடைச்சான்னா பிறவினை. பள்ளிக்கூடத்துல படிச்சிருப்ப, பரீட்சை முடிஞ்ச அன்னைக்கே மறந்திருப்ப. நாசம் பண்ற சோலிக்குத் தமிழ்ல இருக்கிற வினையை வரிசையா எடுத்து வை. கிழிஞ்சது, கிழிச்சான். முறிஞ்சது, முறிச்சான். இடிஞ்சது, இடிச்சான். அழிஞ்சது, அழிச்சான். சிதைஞ்சது, சிதைச்சான். ஒவ்வொண்ணும் ரெட்டைப் புள்ளை. மூத்தது அப்பாவி, இளையது அடியாள். முகம் அச்சு அசலா ஒண்ணு; நடுவுல ஒரு எழுத்துதான் வித்தியாசம். அப்பாவிக்கு ஞகரம், அடியாளுக்குச் சகரம். அறுந்தது அறுத்தான், கவுந்தது கவுத்தான். இங்க நகரம் தகரமாகுது. நொறுங்குச்சு நொறுக்கினான், நசுங்குச்சு நசுக்கினான். இங்க ஙகரம் ககரமாகுது. மெல்லினம் இருந்தா யாரும் பண்ணல, தானா நடந்தது. வல்லினம் வந்து உக்காந்துட்டா ஒருத்தன் கை வச்சிருக்கான்னு அர்த்தம்.

நன்னூல்ல பவணந்தி முனிவர் ஒரு விசயம் சொல்றாரு. வல்லினம் நெஞ்சுல பிறக்குது, மெல்லினம் மூக்குல பிறக்குதுன்னு. வாத்தியார் பிரம்பை வச்சுக்கிட்டுச் சொல்லிக் கொடுத்தப்ப எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்க அப்பத்தாவைக் கட்டின பிறகுதான் விளங்குச்சு. செஞ்சவன் நெஞ்சை நிமித்தி "உடைச்சேன்"பான். சமாளிக்கிறவன் மூக்காலேயே "உடைஞ்சுபோச்சு"ன்னு இழுப்பான். முனிவரு குடும்பம் நடத்தாமலே இதைக் கண்டுபிடிச்சிருக்காரு, அதுதான் ஆச்சரியம்.

ஊர்ல யாரு எந்தப் பக்கம்னு தெரிஞ்சுக்கணுமா? ஆளைப் பாக்காத, அவன் வாயில எந்த எழுத்து வருதுன்னு பாரு. கெட்டது, கெடுத்தான்னு ஒரு சோடி இருக்குல்ல, மெல்லினத்துல சேராட்டாலும் சங்கதி அதேதான். எந்தத் தாய்கிட்டயாவது போய்க் கேளு. அவ புள்ளை "கெட்டுப்போயிட்டான்", பக்கத்து வீட்டுப் புள்ளை "கெடுத்துட்டான்". சரின்னு பக்கத்து வீட்டுக்குப் போனா அங்கயும் அதே கதைதான், திருப்பிப் போட்டு ஓடிக்கிட்டிருக்கும். இப்படி ஊர் பூராவும் கெட்டுப்போன புள்ளைகதான் கிடக்கு, கெடுத்த புள்ளை ஒண்ணுகூட இதுவரைக்கும் அம்புடல. பங்காளிச் சண்டையும் இதே கணக்குத்தான். "எங்களுக்குள்ள முறிஞ்சுபோச்சு"ன்னு ஒருத்தன் சொன்னான்னா வரப்பை வெட்டினவன் அவன். "அவன் முறிச்சுக்கிட்டான்"னு சொல்றவன் வரப்பைப் பறிகொடுத்தவன். சர்வேயர் வந்து சங்கிலி பிடிச்சு அளக்கவே வேண்டாம்.

முறிக்கிறதைப் பத்திச் சொல்றப்ப, அதைக் கெட்ட சொல்லாவே நினைச்சுக்காத. விசத்தை முறிக்கிறோம், சோம்பல் முறிக்கிறோம். உன்னைப் பட்டுவேட்டியில பாத்ததும் அப்பத்தா பத்து விரலையும் உன் கன்னத்துல தடவித் தன் நெத்திப்பொட்டுல வச்சுப் படபடன்னு நெட்டி முறிச்சாளே, அதுல எம்புட்டுப் பாசம் இருந்துச்சு! அறுக்கிறதும் அப்படித்தான். கதிர் அறுத்தாத்தான் சோறு. உளுந்தை உடைச்சாத்தான் பருப்பு. நாசத்துல பாதி அடுப்பங்கரைக்குத்தான் போகுது.

கண்மாய்க்கு வருவோம், அங்கதான் இந்தச் சங்கதி ஆழமாக் கிடக்கு. நம்ம பக்கம் கண்மாய்ங்கிறோம், தாமிரபரணிப் பக்கம் போனாக் குளம்பாக. கரை உடையிறது கண்ணிமைக்கிற நேரத்துல நடக்கிற காரியம் இல்ல. நண்டு வளை போட்டிருக்கும், எலி பொந்து வச்சிருக்கும், கருவேல மரத்தைத் தூரோட பிடுங்கின இடத்துல மண்ணு பொலபொலன்னு கிடக்கும். தண்ணி ஏற ஏற அது வழியாக் கசியும். கசியிற தண்ணி தெளிவா இருந்தா அம்புட்டுப் பயமில்ல. கலங்கி வந்துச்சுன்னா, உள்ள இருக்கிற மண்ணை அரிச்சு இழுத்துக்கிட்டு வருதுன்னு அர்த்தம். அப்ப ஓடிப்போய் மண்ணு மூடையைப் போடணும். இன்னொரு பக்கம் கலுங்கை அடைச்சு வச்சிருப்பான், நாலு நாள் கூடத் தண்ணி நிக்கட்டும்னு. மறுகால் போக வழியில்லாமத் தண்ணி கரைக்கு மேலயே வழியும். மண் கரைக்கு அதைவிடப் பெரிய சத்துரு கிடையாது.

இதெல்லாம் பாக்கத்தான் நீர்ப்பாய்ச்சின்னு ஒரு ஆளு, ஊர்க்காரங்களே கூடி மராமத்து பாக்கிற குடிமராமத்துன்னு ஒரு முறை. வெள்ளைக்காரன்கூட 1858-ல சட்டம் போட்டான், கரை உடையிற ஆபத்து வந்தா ஆளுக வேலைக்கு வந்தே ஆகணும்னு. பிறகு அந்த முறை வழக்கொழிஞ்சு, 2017-ல குடிமராமத்துங்கிற அதே பேர்ல சர்க்கார் திட்டமாத் திரும்பி வந்துச்சு. சரி, ஒரு ராத்திரி கரை போயிருச்சுன்னு வையி. விடிஞ்சதும் டீக்கடையில காதைக் குடு. கரை வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்தவன், "கண்மாய் உடைஞ்சு போச்சு"ம்பான். தண்ணி பாஞ்சு நெல்லு அழுகினவன், "உடைச்சு விட்டுட்டாங்க"ம்பான். மேல் ஊருக்காரன் ரெண்டுமே சொல்ல மாட்டான். டீயைப் பாதியில வச்சுட்டு எந்திரிச்சுப் போயிருவான். மம்பட்டியோட போனவன் யாருன்னு உனக்குத் தனியாச் சொல்லணுமா?

நியாயமான மெல்லினமும் உண்டு, இல்லங்கல. 2023 டிசம்பர்ல, 18-ஆம் தேதி காலையோட முடிஞ்ச 24 மணி நேரத்துல காயல்பட்டினத்துல 95 சென்டிமீட்டர் மழை. தூத்துக்குடிச் சீமையில ஒரு வருசம் பூரா பெய்யிறதைவிடக் கூடுதல். குளம் குளமா உடைஞ்சது, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேசன்ல ரயிலோட சனங்க மாட்டிக்கிட்டாக. அன்னைக்கு "உடைஞ்சது"ன்னா ஒத்துக்கலாம், வானத்து மேல கேஸ் போட முடியாது. ஆனா அடுத்த மழைக்கு முன்னால "கரையைப் பலப்படுத்தியாச்சா?"ன்னு கேட்டா, அப்பவும் மூக்காலேயே பதில் வந்தா எனக்குக் கோவம் வரும்.

பேப்பர்க்காரன் இதுல கெட்டிக்காரன். "கட்டுப்பாட்டை இழந்த லாரி மரத்தில் மோதியது"ன்னு எழுதுவான். கட்டுப்பாட்டை இழந்தது லாரியாம், ஸ்டியரிங்கைப் பிடிச்சிருந்தவன் இல்லையாம். "கார் அப்பளம் போல் நொறுங்கியது"ம்பான். நான் பேப்பர் படிக்க ஆரம்பிச்ச காலத்துல இருந்து கார் அப்பளமாத்தான் நொறுங்குது. அம்பாசடர் போயி என்னென்னமோ வண்டி வந்தாச்சு, அப்பளம் மட்டும் மாறல. ஒரு நாளாவது முறுக்கா நொறுங்கட்டும்னு பாக்கேன், நடக்க மாட்டேங்குது.

தாலுகா ஆபீஸ்ல இதுக்கும் மேல ஒண்ணு வச்சிருக்கான். உடைஞ்சதும் கிடையாது, உடைச்சான்ங்கிறதும் கிடையாது. "உடைக்கப்பட்டது." "ஆக்கிரமிப்புகள் அகற்றப்பட்டன." "வீடுகள் இடிக்கப்பட்டன." வல்லினம் இருக்கு, அடி விழுந்திருக்கு, அடிச்ச ஆளை மட்டும் காணோம். செயப்பாட்டு வினைன்னு பேரு. வீட்டுல யாராவது அப்படிப் பேசுவாங்களா? "ஜார் என்னால் உடைக்கப்பட்டது"ன்னு பேத்திகிட்டச் சொல்லிப் பாரு, ராத்திரிச் சோறு உன்னால் உண்ணப்படாது. பேச்சு வழக்குல அதுக்குத் தம்பி ஒருத்தன் இருக்கான்: "ஆச்சு." உடைச்சாச்சு, இடிச்சாச்சு, முடிச்சாச்சு. வேலை நடந்திருக்கும், செஞ்சவன் பேரு வராது. ஆபீஸ்ல யாராவது உன்கிட்ட "பண்ணியாச்சு"ன்னு சொன்னா அங்கயே நின்னு, "யாரு பண்ணினது?"ன்னு கேளு. பத்துக்கு ஒம்பது, பண்ணியிருக்க மாட்டாக.

நீ இங்கிலீசுல பேசித் தப்பிச்சுரலாம்னு பாக்காத. உங்க கம்ப்யூட்டர் கம்பெனியில நீங்க போன்ல பேசிக்கிறதை நானும் கேக்கிறேன். "பைல் டெலிட் ஆயிருச்சு", "சிஸ்டம் கிராஷ் ஆயிருச்சு." அடுத்தவன்னா, "அவன்தான் டெலிட் பண்ணிட்டான்." வெளிநாட்டுச் சொல்லா இருந்தாலும் நம்ம ஊருக்குள்ள காலை வச்சதும் ரெட்டைப் புள்ளை பெத்துருது. ஆயிருச்சு ஒண்ணு, பண்ணிட்டான் ஒண்ணு. எந்தச் சாதிச் சொல்லு வந்தாலும் தப்பிக்க ஒரு வாசல் வச்சுத்தான் நாம உள்ள விடுறோம்.

ஆனா ஒரு இடத்துல மட்டும் பாரு, எல்லாவனும் வல்லினத்துக்குப் போட்டி போடுவான். பாராட்டு விழுற இடத்துல. கச்சேரியில ஒருத்தன் நல்லா வாசிச்சா "கொன்னுட்டான்"ங்கிறோம். பந்தை எல்லைக்கு வெளிய அடிச்சா "பிச்சு உதறிட்டான்." படம் நல்லாருந்தா "தெறிக்க விட்டுட்டான்", "அடிச்சு நொறுக்கிட்டான்", "தூள் கிளப்பிட்டான்." இப்ப உங்க ஆளுக புதுசா ஒண்ணு சொல்லுதீகளே, "சம்பவம் பண்ணிட்டான்"னு? எங்க காலத்துல சம்பவம்னா போலீஸ் ஸ்டேசன்ல எழுதுறது. "சம்பவ இடத்திலிருந்து அரிவாள் கைப்பற்றப்பட்டது"ன்னு வரும். இப்ப எவனோ பாட்டுக்கு மெட்டுப் போட்டாச் சம்பவம்ங்கிறாங்க. போன வாரம் உங்க சித்தப்பன் மகன், "தாத்தா, நம்ம அண்ணன் ஆபீஸ்ல பெரிய சம்பவம் பண்ணிட்டான்"னு உன்னைப் பத்திச் சொன்னான். நான் சாமீன் குடுக்க ஆளு தேட ஆரம்பிச்சுட்டேன். பிறகுதான் உனக்குப் பதவி உயர்வுன்னு தெரிஞ்சது.

கவனிச்சியா? "கொன்னுட்டான்"ல வல்லினம் இல்லையேன்னு கேப்ப. இருக்கட்டும், அது ரெட்டையில சேராத ஒத்தக்கட்டை. செத்தான்ங்கிறது ஒரு வேர், கொன்னான்ங்கிறது வேற வேர். இந்த ரெண்டையும் தமிழு ஒரே வீட்டுல வளக்கல. ஆனா மத்தது பூராவும் வல்லினம்தான். எவனாவது "அவன் பிஞ்சு உதறிட்டான்"னு பாராட்டுறானா? "நொறுங்கிட்டான்"னா அது தோத்தவனுக்கு. மாலை விழுற இடத்துல "நான்தான் பண்ணினேன்", தண்டம் விழுற இடத்துல "தானா நடந்தது." ஒரே வாய்தான்.

போரடிக்கிறவனையும் நாம சும்மா விடுறதில்ல. அவன் பேசுறதுக்கு அறுவைன்னு பேரு வச்சிருக்கோம், ரம்பம்ங்கிறோம், பிளேடு போடுறான்ங்கிறோம். செத்த சிரிப்புக் கதைக்குக் கடின்னு பேரு. ரம்பம், பிளேடு, பல்லு எல்லாம் போட்டும் ஆத்தாமை தீரல, கடைசியில மொக்கைங்கிறோம். மொக்கைன்னா என்ன? மழுங்கின கத்தி. கூரா இருந்தாலும் குத்தம், மழுங்கினாலும் குத்தம். மேடையில மைக்கைப் பிடிச்சவன் எந்தக் கத்தியை எடுத்துட்டுப் போவான் பாவம்? நீ முழிக்கிற முழியைப் பாத்தா இப்ப எனக்கும் அதுல ஒரு பேரு மனசுக்குள்ள வச்சிருக்கன்னு தெரியுது. இருக்கட்டும், கேளு.

கிழிக்கிறது இருக்கே, அது தனி ராச்சியம். "மேடையில கிழிச்சுட்டான்"னா புகழ்ச்சி. "என்னை நிக்க வச்சுக் கிழிச்சுட்டாரு"ன்னா வசவு. "என்னத்தக் கிழிச்ச?"ன்னா நீ ஒண்ணுமே செய்யலங்கிறது. "நீ கிழிச்ச, போ!"ன்னா செய்யப்போறதும் இல்லங்கிறது. ஒரே துணி, கிழியிற பக்கம்தான் வேற வேற. இதுல நம்ம சிவகாசிக்காரனைத்தான் மெச்சணும். சுவத்துல தொங்குதே தினசரி காலண்டர், அதை அச்சடிச்சு ஊர் ஊருக்கு அனுப்புறது அவன். வருசக் கடைசியில மேனேஜர் கூப்பிட்டு "இந்த வருசம் என்ன கிழிச்சே?"ன்னா, "முந்நூத்தி அறுபத்தஞ்சு தாளு சார்"னு தைரியமாச் சொல்றதுக்கு வழி பண்ணிக் குடுத்திருக்கான்.

சிவகாசின்னதும் இன்னொண்ணு. வாங்குறவன், "காசைக் கரியாக்குறான்"னு பட்டாசைத் திட்டுவான். அங்க போய் அதைச் சொல்லிராத. அடுத்தவன் காசு கரியானாத்தான் அவன் உலையில அரிசி விழும். 1923 வாக்குல ஐயநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கத்துக்கிட்டு வந்தாக, அதுல இருந்து கிளை விட்டதுதான் பட்டாசும் அச்சும். பொருளு அழிஞ்சாத்தான் நல்லது, அழியலன்னாத்தான் குத்தம்ங்கிற வியாபாரம் அது. நமுத்துப் போன வெடியைத் திருப்பிக் கொண்டுவந்து கடைக்காரன்கிட்டச் சண்டை போடுவான். "புஸ்வாணமாப் போச்சு"ங்கிறோமே, வெடிக்காத காரியத்துக்கு அம்புட்டு ஏமாத்தம்.

ஆனா வெடிங்கிற வினைக்கு ரெட்டை கிடையாது பாத்துக்கோ. பட்டாசு வெடிச்சது, பையன் பட்டாசு வெடிச்சான். ரெண்டுக்கும் ஒரே சகரம். வீட்டு வாசல்ல அதனால நட்டமில்ல. ஆலைக்குள்ள நடந்தாத்தான் நட்டம். 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 30 பேருக்கும் மேல போயிட்டாக. மருந்து உராய்ஞ்சு வெடிச்சதுன்னு சொன்னாங்க. அளவுக்கு மேல மருந்தைக் கலந்து, அளவுக்கு மேல ஆளை ஒரே அறைக்குள்ள வச்சு வேலை வாங்குற இடத்துல, வெடிச்சதுங்கிற சொல்லுக்குள்ள யாரு நிக்கிறான்னு வெளிய தெரியாது. இதுல நையாண்டி பண்ண ஒண்ணுமில்ல. மேல போவோம்.

வினைக்கு வால் ஒண்ணு உண்டு, வீட்டுக்குள்ள அதுதான் முக்கியம். உடைஞ்சு-போச்சுன்னா வருத்தம். உடைச்சுப்-புட்டான்னா நடந்தது நடந்துபோச்சுங்கிறது. உடைச்சுப்-போட்டான்னா வேணும்னே பண்ணினது. உடைச்சுத்-தொலைச்சான்னா பொறுமை போயிருச்சு. எழுதித் தள்ளுறான், திட்டித் தீர்க்கிறான், எல்லாம் வால்தான். தலையை விட்டுட்டு வாலைக் கேளு. பேத்தி "சாப்பிடுங்க"ன்னா அன்பு. "சாப்பிட்டுப் போங்க"ன்னா அவசரம். "சாப்பிட்டுத் தொலைங்க"ன்னா சாப்பாட்டுல ஒண்ணும் குறை இல்ல, உன்கிட்டத்தான் குறை. என்ன வெஞ்சனம்னு கேட்டுறாத, குனிஞ்ச தலை நிமிராமத் தின்னுட்டு எந்திரி. "வந்து தொலைக்கிறேன்"னா வருவா, ஆனா அவ கூட இன்னும் ரெண்டு நாளைக்கு அந்தத் தொலைக்கிறதும் வரும். இதுக்கு நேர்மாறா அப்பத்தா "அட நாசமாப் போறவனே, எப்படா வந்த? சாப்பிட்டியாடா?"ன்னு கேக்கிறாளே, அதுல நாசம் எங்கயாவது இருக்கா? சுட்டுப் போட்டாலும் இருக்காது.

பெரிய நாசக்காரன் முன்னால மட்டும் நம்ம ஆளுக வாயி எப்படிப் பணியுது பாரு. ஒரு சட்டை கிழிஞ்சதுக்கு "நாசம், சர்வநாசம்"னு கத்துறவன், நல்ல பாம்பு கொத்தினா "தீண்டிருச்சு"ங்கிறான். தீண்டுறதுன்னா தொடுறது. தொட்டுச்சாம்! ராத்திரியில பாம்புன்னு பேரையே சொல்ல மாட்டான், பூச்சிம்பான். அம்மை போட்டா உடம்பு பூரா எரியுது, ஆனா "ஆத்தா வந்திருக்கா"ங்கிறோம், போனா "இறங்கிட்டா"ங்கிறோம். 1964 டிசம்பர்ல அடிச்ச புயல்ல தனுஷ்கோடி ஊரே போச்சு, பாம்பன்ல இருந்து வந்த ரயிலும் போச்சு. "கடல் கொண்டுபோயிருச்சு"ன்னுதான் சொன்னாக. பழைய உரைகாரங்களும் "கடல் கொண்டது"ன்னுதான் எழுதி வச்சாங்க. நாம சந்தையில கத்தரிக்காய் கொள்ற சொல்லுதான், கடலு ஊரை வாங்கினாலும் அதே சொல்லுதான். விளக்கை அணைன்னு சொல்லாம "குளிர வை"ங்கிறதும், தாலிக்கயிறு அறுந்தா "பெருகிருச்சு"ங்கிறதும் இதே வகை. மங்கலம்னு இதுக்கு இலக்கணத்துல பேரு இருக்கு. பயம்னு பேரு வச்சிருந்தா இன்னும் பொருத்தமா இருந்திருக்கும்.

சாமிக்கு உடைக்கிறதுலயும் ஒரு சங்கதி. பிள்ளையாருக்குச் சிதறுகாய் போட்டா எம்புட்டு நல்லாச் சிதறுதோ அம்புட்டு நல்லது. பசங்க பொறுக்கித் தின்னுருவாங்க, தெரு சுத்தம். ஆனா ஆயுதபூசைக்குக் கடைக்காரன் நடுரோட்டுல பூசணிக்காயைப் போட்டு உடைக்கிறானே? அவன் திருஷ்டி கழிச்சான், அடுத்து மோட்டார்சைக்கிள்ல வந்தவன் வழுக்கி விழுந்தான். பூசணிக்காயை உடைச்சது ஒருத்தன், மண்டை உடைஞ்சது இன்னொருத்தன். இலக்கண வாத்தியார் தன்வினைக்கும் பிறவினைக்கும் எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்ல.

அரசியலு பக்கம் நான் போறதில்லன்னு அப்பத்தாவுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன். கொஞ்சமாப் போவோம். தமிழ்நாட்டுல 1976, 1980, 1988, 1991னு நாலு வாட்டி அரசியல் சட்டத்தோட 356-ஆம் பிரிவை எடுத்து வீசியிருக்காங்க. டெல்லியில கேட்டா ஆட்சி "கலைக்கப்பட்டது"ம்பாங்க. பதவி போனவன் "கலைச்சுட்டாங்க"ம்பான். அந்த நேரம் டெல்லிக்கு வேண்டியவனா இருந்தா, "அது அதுவாத்தான் கவுந்துச்சு"ம்பான். தேன்கூட்டைக் கலைக்கிற சொல்லை ஆட்சிக்கு வச்சானே, வச்சவன் விவரமானவன். ரெண்டுலயும் கொட்டுப்படுறது கீழ நிக்கிறவன்தான். 1994-ல பொம்மைங்கிறவரு போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் கடிவாளம் போட்ட பிறகு அந்தப் பழக்கம் குறைஞ்சது. எம்.ஜி.ஆர். காலமான பிறகு 1989 தேர்தல்ல அவரு கட்சியில ஒரு அணிக்கு இரட்டைப் புறா, ஒரு அணிக்குச் சேவல்; நடுவுல இரட்டை இலையைக் காணோம். கட்சி பிரிஞ்சதா, உடைஞ்சதா, உடைச்சாங்களா? சின்னம் முடங்குச்சா, முடக்கினாங்களா? அன்னைக்கு நம்ம டீக்கடையில மூணு பெஞ்சு இருந்துச்சு. பெஞ்சுக்கு ஒரு வினைன்னு பேசி, மூணாவது பெஞ்சுக்குக் கால் போயிருச்சு. அது முறிஞ்சதா முறிச்சதான்னு இன்னும் தீர்ப்பு வரல.

சர்க்காருக்குன்னே ஒரு வினை இருக்கு: ஒழிக்கிறது. ஒழிங்கிறது நம்ம பேச்சுல சாதுவான சொல்லு. பாத்திரம் ஒழிச்சுப் போடுன்னா காலி பண்ணித் தேய்க்கப் போடுறது. ஒழிஞ்ச நேரம்னா ஓய்வு. எனக்கு இப்ப வாய்ச்சிருக்கே, அது. சர்க்கார் கையில போனதும் அதுக்கு மீசை முளைச்சிருச்சு. வறுமை ஒழிப்பு, ஊழல் ஒழிப்பு, மது ஒழிப்பு, கொசு ஒழிப்பு. இதுல சில காரியம் நெசமாவே நடந்திருக்கு, குத்தம் சொல்லக்கூடாது. 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்துச்சு. எட்டயபுரமோ எதுவோ, இன்னைக்கு எவனும் ஜமீனுக்கு வரி கட்டல. பெரியம்மை உலகத்துலயே இல்லன்னு 1980-ல அறிவிச்சாங்க. வீடு வீடா வந்து சொட்டு மருந்து ஊத்தி, 2014-ல போலியோ இல்லாத நாடுன்னு சான்று வாங்கினோம். இதையெல்லாம் செஞ்சது யாருன்னு கேட்டா விரல் நீட்டிக் காட்டலாம். ஊசியும் சொட்டு மருந்துமா வெயில்ல அலைஞ்ச நர்சம்மாவைக் காட்டலாம்.

மத்த ஒழிப்பு எல்லாம் போர்டு தொங்குது, ஆபீஸ் இருக்கு, ஜீப்பு இருக்கு, டிரைவரு இருக்கு. ஒழிக்க வேண்டியதும் பக்கத்துலயே சௌக்கியமா இருக்கு. ஒழிஞ்சுபோனா ஆபீஸை மூடணுமேங்கிற கவலை அதுக்கும் இருக்கும்போல. மழைக்குப் பிறகு ஒரு நாள் சாயங்காலம் புகை மெசினைத் தோள்ல மாட்டிக்கிட்டு ஒரு தம்பி நம்ம தெருவுக்கு வந்தான். டுர்ருன்னு சத்தம், தெரு பூரா வெள்ளைப் புகை, கோழியெல்லாம் கூரை மேல ஏறிருச்சு, நான் இருமி இருமிக் கண்ணு தண்ணி வடியுது. சாக்கடை அடைச்சு நாறிக்கிட்டுக் கிடக்கு, கொசு முட்டை போடுறதே அங்கதான், அந்தப் பக்கம் அவன் போகவே இல்ல. புகை கலைஞ்ச பிறகு கூப்பிட்டு, "ஏப்பா, கொசு ஒழிஞ்சதா?"ன்னேன்.

"ஒழிச்சாச்சு தாத்தா"ன்னான், முழங்கையைச் சொறிஞ்சுக்கிட்டே.